இருபது துண்டு நூல்

அந்த ஆய்வகத்தில் சிலந்தி கிடையாது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் தேடுவார்கள். "சிலந்தி நூல் செய்யறீங்கன்னாங்க, சிலந்தி எங்கே?" என்று கூரை மூலைகளை அண்ணாந்து பார்ப்பார்கள். "இப்பதான் டீ குடிக்கப் போச்சு" என்பார் நூல்காரர். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இருக்காது. வந்தவர்கள் பாதி நம்பியும் விடுவார்கள்.

பிறகு சமையல்காரி வந்து விளக்க வேண்டியிருக்கும். சிலந்திகளைக் கூட்டமாக வளர்க்க முடியாது, ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் சிலந்தி நூலில் இருக்கும் புரதத்தைப் பார்த்து, அதே சாயலில் ஒரு புரதத்துக்கு மரபணு எழுதி, அதைப் பாக்டீரியாவுக்குள் நுழைத்து, அதன் தலையில் வேலையைக் கட்டுவது. அந்தப் புரதத்தில் கெட்டிப் பகுதி ஒன்று, நெகிழ்வுப் பகுதி ஒன்று என்று மாறி மாறி வரும். கெட்டியை நீட்டினால் நூல் விறைப்பாகும், நெகிழ்வை நீட்டினால் இழுபடும். கண்ணில் தையல் போட ஒரு நூல், அறுந்த தசைநாரைக் கட்ட இன்னொரு நூல் என்று வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்தது ஒரு துண்டு. அந்தத் துண்டு எத்தனை தடவை திரும்ப வருகிறதோ அத்தனை வலு. அவர்களுடைய நல்ல நூலில் முப்பத்திரண்டு தடவை வரும்.

சமையல்காரி என்பது நூல்காரர் அவளுக்கு வைத்த பெயர். பெயருக்குப் பின்னால் நீளமான பட்டம் இருக்கிறது. ஆனால் எட்டு வருஷமாக அவள் செய்வது சூப்பு காய்ச்சி, பாக்டீரியாவை அதில் விட்டு, சூடு குறையாமல் பார்த்து, மறுநாள் வடிகட்டி, கடைசியில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் எடுப்பது. "இதுக்கு எதுக்கும்மா டாக்டர் பட்டம்? நல்ல அடுப்பு போதுமே" என்பார் அவர். அவளும் விடமாட்டாள். "நான் வடிச்சுப் போடறதை நீங்க இழுத்துத் திங்கறீங்க, அவ்வளவுதானே அண்ணே" என்பாள்.

இழுப்பது என்றாளே, அது லேசுப்பட்ட காரியமில்லை. நூல்காரர் இருபது வருஷம் மீன்பிடி நரம்புத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு இங்கே வந்தவர். தூளைக் கரைத்துத் தேன் பதத்துக்குக் கொண்டுவந்து, மயிரிழை ஊசி வழியாக ஆல்கஹால் தொட்டிக்குள் தள்ளுவார். உள்ளே நூல் பிறக்கும். அதன் முதல் ஒரு சாண் நீளத்தைக் கையால்தான் பிடித்தெடுத்து ராட்டினத்தில் மாட்ட வேண்டும். கொஞ்சம் இழுத்தால் அறும், கொஞ்சம் தளர்ந்தால் முடிச்சு விழும். நூலோ கண்ணுக்கே தெரியாது. கறுப்புத் துணி விரித்து, விளக்கைச் சாய்த்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த ஒரு சாணை எடுப்பார். அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் அது வந்ததில்லை. சமையல்காரி ஒரு மாசம் முயன்று பார்த்துவிட்டுக் கும்பிடு போட்டு விலகிக்கொண்டாள்.

இப்போது அவள் செய்த காரியத்துக்கு வருவோம்.

ஒரே வரியை நூறு தடவை எழுதச் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்யும்? வாத்தியார் எங்கே எண்ணப் போகிறார் என்று எழுபதோடு நிறுத்தும். பாக்டீரியாவும் அதே ஜாதி. ஒரே துண்டை முப்பத்திரண்டு தடவை எழுதிய மரபணுவைக் கொடுத்தால், தலைமுறைக்குத் தலைமுறை நடுவில் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும். வேலை மிச்சம் என்று குறைவாக எழுதுகிறவை வேகமாகப் பெருகி, ஒழுங்காக எழுதுகிறவற்றை அமுக்கிவிடும். அதனால் ஒரு விதி உண்டு. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் பெரிய உறைபெட்டியில் இருக்கும் மூலக் குப்பியிலிருந்துதான் விதை எடுக்க வேண்டும், போன தடவை வளர்த்த தட்டிலிருந்து எடுக்கவே கூடாது. உறைபெட்டிக் கதவில் சிவப்பு மையில் இதைப் பெரிதாக எழுதி ஒட்டியதே சமையல்காரிதான்.

எழுதினவளே மீறினாள். மூலக் குப்பிகள் மூன்றுதான் மிச்சமிருந்தன. புதிதாகச் செய்து சரிபார்க்க இரண்டு வாரம் ஆகும். மருத்துவமனைக் குழுவுக்கு மாதிரி அனுப்ப வேண்டிய தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது. குளிர்பெட்டியில் போன தடவைத் தட்டு சும்மாதான் கிடந்தது. இந்த ஒரு தடவை மட்டும் என்று அதிலிருந்து எடுத்தாள். அடுத்த தடவை அந்தத் தட்டின் பிள்ளைத் தட்டிலிருந்து எடுத்தாள். அதற்கடுத்து பேரன் தட்டு. ஒரு தடவை மட்டும் என்பது மூன்று தடவை நடந்தது.

தூளை நூல்காரரிடம் கொடுக்கும் முன் அதன் அளவைச் சோதிக்கும் ஒரு வேலை உண்டு. கூழ்ப் பலகை ஒன்றில் மின்சாரம் விட்டு ஓடவிட்டால், பெரிய புரதம் மேலே நிற்கும், சிறியது கீழே இறங்கும். மூன்றாவது காய்ச்சலின் நீலக் கோடு வழக்கத்தைவிட ஒரு நக அகலம் கீழே இருந்தது. அவள் பார்த்தாள். பார்க்கவில்லை என்று சொல்ல வழியே இல்லை, இரண்டு தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள். பலகை சில நாள் கோணலாக ஓடும். இன்றைக்கும் அப்படித்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தூளை நூல்காரர் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

நூல் வந்தது. காகித அட்டையில் சன்னல் மாதிரி வெட்டி, குறுக்கே நூலை ஒட்டி, இழுக்கும் இயந்திரத்தில் மாட்டினார்கள். பன்னிரண்டு அட்டை. பன்னிரண்டும் பாதி பாரம்கூடத் தாங்காமல் அறுந்தன.

திங்கட்கிழமை எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஆய்வகத்தின் தலைவியை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். கோபப்படத் தெரியாதவர். அன்றும் கோபப்படவில்லை.

"எங்கே கோளாறு?" என்று மட்டும் கேட்டார்.

சமையல்காரி முந்திக்கொண்டாள். "புரோட்டீன் சரியாத்தான் இருக்கு மேடம்" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் கடித்துக்கொள்ளவில்லை.

தூள் சரி என்றால் மிச்சம் என்ன இருக்கிறது? மேடம்தான் நூல்காரர் பக்கம் திரும்பி, மிகவும் பிரியமாக, "அண்ணே, உடம்பு எப்படி இருக்கு? கை ஒண்ணும் வலிக்கலையே?" என்று கேட்டார். திட்டியிருந்தால் அவர் பதிலுக்குத் திட்டியிருப்பார். இதற்கு என்ன சொல்வது? மேசைமேல் இருந்த தன் இரண்டு கைகளையும் எடுத்து, யாருடையவோ போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

அன்று மாலையே அவள் தட்டிலிருந்த பாக்டீரியாவின் மரபணுவில் எத்தனை துண்டு இருக்கிறது என்று படித்துச் சொல்ல வெளியே அனுப்பினாள். மறுநாள் விடை வந்தது. முப்பத்திரண்டில் இருபது துண்டுதான் மிச்சம். நேரே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மேடம் அன்று வெளியூரில். மறுநாள் சொல்லலாம் என்று இருந்தாள். மறுநாள் நூல்காரர் விடுப்பு. மகளுக்குப் பிரசவம், பெண் குழந்தை. திரும்பி வந்தவரிடம் நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டாள். ஒரு வாரம் போனபின், ஒரு வாரமாக ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவே பூட்டாகிப்போனது.

நூல்காரர் மாறத் தொடங்கினார். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தார். ஸ்கூட்டரை விட்டுவிட்டுப் பஸ்ஸில் வந்தார். ஒரு நாள் தாடையில் இரண்டு இடத்தில் வெட்டுக்காயத்தோடு வந்தார், அதன்பின் சவரத்துக்குக் கடைக்குப் போனார். பயந்துகொண்டே செய்தால் யார் கையும்தான் ஆடும். அவருடைய கையும் ஆடத் தொடங்கியது.

மதியம் சாப்பிடும்போது அவள் கேட்டாள், "பேத்தி எப்படி இருக்கா அண்ணே?"

"ஜம்முனு இருக்கா. ரெண்டே முக்கால் கிலோ. மூக்கு அப்படியே என் சம்சாரம்."

"உங்க கைக்கு வந்ததும் அழுதாளா?"

"நான் எங்கே தூக்கினேன்?" என்று சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தபடி சொன்னார். "தள்ளி நின்னுதான் பாக்கறேன். ஒரு நூலைப் பிடிக்க வக்கில்லாத கைம்மா இது. குழந்தையை நம்பித் தர முடியுமா?"

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று பிறாண்டியது. அவள் வாயைத் திறந்தாள். "நரம்பு டாக்டர் ஒருத்தர் இருக்காரு அண்ணே, ரொம்ப நல்லவரு. நம்பர் தரட்டுமா?" என்று கேட்டாள். குற்றம் செய்தவர்கள் எப்படியெல்லாம் உபகாரம் செய்கிறார்கள் பாருங்கள்!

டாக்டர் கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், கோடு போடச் சொன்னார். பயத்தில் கோடு கோணிக்கொண்டு போனது. ஆரம்ப நடுக்கமாக இருக்கலாம் என்று ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சமையல்காரியும் சும்மா இருக்கவில்லை. மூலக் குப்பி ஒன்றைத் திறந்தாள். புதிதாகக் காய்ச்சினாள். கோடு நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. பழைய தட்டுகளைக் கொதிக்க வைத்து எறிந்தாள். புதுக் குப்பிகளும் செய்து அடுக்கினாள். பேசாமல் சரிசெய்துவிட்டால் பேச வேண்டிய தேவையே இருக்காது என்பது கணக்கு. யாருக்கும் தெரியாமல் மற்ற வேலைகளுக்கு நடுவே செய்ததில், எல்லாம் முடிய இரண்டரை மாசத்துக்கு மேல் ஆனது.

"புதுத் தூள் அண்ணே. ஒரு தடவை இழுத்துப் பாருங்க."

"வேண்டாம்மா. வீணாப் போயிடும்."

"எனக்காக."

இழுத்தார். பன்னிரண்டு அட்டையும் முழுப் பாரம் தாங்கின. ஒரு அட்டை அதற்கு மேலும் தாங்கியது. மேடம் ஆய்வு அறைக்கே வந்து கை தட்டினார். சமையல்காரிக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கினாற்போல் இருந்தது. சரியாகப் பத்து நிமிஷம்.

எல்லோரும் போனதும் நூல்காரர் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"மாத்திரை கேக்குதும்மா! நீ மட்டும் அந்த டாக்டரைச் சொல்லலைன்னா என் கதி என்னாகியிருக்கும்? ஆயுசுக்கும் போடணுமாம். போட்டா என்ன? கொஞ்சம் தூக்கம் வருது. மாடி ஏறினா மூச்சு வாங்குது. அதுக்கென்ன, உக்காந்து உக்காந்து ஏறிக்கறேன்."

கடைசியாக ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "அப்ப இனிமே பேத்தியைத் தூக்குவீங்கல்ல?"

"ஐயையோ!" என்று இரண்டு கையையும் உதறினார். "ஒரு நாள் மாத்திரை போட மறந்துட்டா? வேண்டவே வேண்டாம். அவ நடக்க ஆரம்பிக்கட்டும், அவளே வந்து மடியில உக்காந்துக்குவா."

மறுநாள் காலை அவளுடைய கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம்தான் முதன்முதலில் எல்லாவற்றையும் சொன்னாள். நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள் சொல்லும் ஆறுதலையே சொன்னார்.

"இப்பதான் சரியாயிடுச்சே. நூல் நிக்குது, அவரும் சந்தோஷமா இருக்காரு. நீ ஏன் போட்டுக் கிளறறே?"

"அவரு பயந்துக்கிட்டே சந்தோஷமா இருக்காருங்க."

"உன் வேலைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"அந்த மனுஷன் இல்லாத வியாதிக்கு மருந்து சாப்பிடறாரு. வாங்கிக் கொடுத்தவ நான்."

கணவர் சட்டையின் ஒரே கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்துக்குப் போனதும் அவள் கூழ்ப் பலகையின் பழைய படம், புதுப் படம் இரண்டையும் மிச்சமிருந்த பழைய தூளையும் எடுத்துக்கொண்டு நூல் அறைக்குப் போனாள். அவர் கறுப்புத் துணியை உதறி விரித்துக்கொண்டிருந்தார். உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொன்னாள். தட்டு, பிள்ளைத் தட்டு, பேரன் தட்டு, கோடு இறங்கியது, கண்ணாடியைத் துடைத்தது, திங்கட்கிழமை சொன்ன பொய். ஒன்று விடவில்லை. "உங்க கைக்கு ஒண்ணுமே இல்லண்ணே. அன்னைக்கும் இல்லை, இன்னைக்கும் இல்லை. தப்பு என்னோடது."

நூல்காரர் இரண்டு படங்களையும் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முதலில் அவருக்குள் இருந்த தொழிலாளிதான் பேசினார்.

"எத்தனை துண்டு இருந்துச்சு?"

"இருபது."

"இருபது துண்டுத் தூளையா நான் நூலா இழுத்தேன்?"

"ஆமாண்ணே. அதை நூலாக்கினதே பெருசு. வேற யார் இழுத்தாலும் தொட்டியிலேயே கரைஞ்சு போயிருக்கும். பன்னிரண்டு அட்டை ஒட்டற அளவுக்கு நீங்க இழுத்தீங்க."

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. அவர் வாழ்நாளில் செய்த மிக நேர்த்தியான வேலை அதுதான். அதைச் செய்த வாரத்தில்தான் அவர் கை கெட்டுப்போனதாக எல்லோரும் முடிவு செய்தார்கள். அவரும் முடிவு செய்தார்.

அவர் பழைய தூளை வாங்கிக் கரைத்தார். ஊசியில் ஏற்றினார், தள்ளினார். தொட்டியில் நூல் பிறந்தது. குனிந்து, மூச்சைப் பிடித்து, முதல் சாணை எடுத்தார். விரல்கள் ஆடவில்லை. எடுத்ததை ராட்டினத்தில் மாட்டாமல் தன் இரண்டு கைக்கும் நடுவே பிடித்து லேசாக இழுத்தார். அறுந்தது. இன்னொன்று எடுத்தார், இழுத்தார். அதுவும் அறுந்தது. மூன்றாவது எடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உனக்கு என்னைக்குத் தெரியும்?"

"சந்தேகம் அந்தத் திங்கட்கிழமையே. மறுநாள் உறுதியாத் தெரிஞ்சிடுச்சு."

"அதுக்கு மறுநாள்தான் பேத்தி பொறந்தா."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டே முக்கால் கிலோ" என்றார். குரல் உயரவில்லை. "இப்ப அஞ்சரை. கழுத்து நின்னுடுச்சு. சின்னதுல எப்படி இருந்தான்னு என் கைக்குத் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்லை."

"அண்ணே, என்னை என்ன வேணா சொல்லுங்க..."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? மேடம்கிட்ட நீயே போய்ச் சொல்லு. நான் சொல்லமாட்டேன்." ஸ்டூலிலிருந்து எழுந்து வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "நான் மக வீட்டுக்குப் போறேன்."

"மாத்திரையை டாக்டர்கிட்ட கேட்டுட்டே நிறுத்துங்க அண்ணே. சட்டுனு விடக்கூடாதாம்."

அவர் கதவருகே நின்று அவளைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், போய்விட்டார்.

மேடமிடம் சொன்னாள். மேடம் அன்றும் கோபப்படவில்லை. எழுதிக் கொடுக்கச் சொன்னார். விசாரணை முடியும் வரை அவள் தனியாகக் காய்ச்சக் கூடாது, ஒவ்வொரு படத்திலும் இன்னொருவர் கையெழுத்து வேண்டும் என்றார். பிறகு முகத்தை ஒரு கையால் மூடிக்கொண்டு, "அவர்கிட்ட கை எப்படி இருக்குன்னு கேட்டது நான்தானே" என்றார். சமையல்காரி அழுதது அங்கேதான்.

நூல்காரர் நாலு நாள் கழித்து வந்தார். ஸ்கூட்டரில் வந்தார். தாடையைத் தானே மழித்திருந்தார். நடைக்கூடத்தில் யாரிடமோ அவர் சத்தமாகச் சிரிப்பது சமையல்காரியின் அறை வரை கேட்டது. "நாலு நாளும் இறக்கியே விடலையே! தோள் கழண்டு போச்சு. அஞ்சரை கிலோன்னா சும்மாவா? அம்மாகிட்ட போனா அழறா, என்கிட்ட வந்தா தூங்கறா!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஓடிப்போய்த் தானும் கேட்க வேண்டும், குழந்தை எந்தத் தோளில் தூங்கினாள் என்று கேட்க வேண்டும் என்று இருந்தது. எழுந்துகூட விட்டாள். அதற்குள் காலடி அவள் கதவுக்கு வந்தது. சிரிப்பு கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

எட்டு வருஷமாக அந்தக் கதவில் தலையை நீட்டி, "சமையல்காரம்மா, வடிச்சாச்சா?" என்று கேட்பவர், இன்று இரண்டு விரலால் தட்டினார். அவள் நிமிர்ந்து பார்க்கும் வரை உள்ளே வரவில்லை.

"பவுடர் ரெடிங்களா, மேடம்?"

அவள் தூளையும், இரண்டு கையெழுத்துப் போட்ட படத்தையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, கோடு எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்தார். இத்தனை வருஷத்தில் தூள் வாங்கும்போது அவர் அதைப் பார்த்ததே இல்லை.

"சரியா இருக்குங்க" என்று சொல்லி, தூளை ஒற்றைக் கையில் வாங்கிக்கொண்டு நூல் அறைக்குப் போனார்.